அரைக்கால் அங்குலம்

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் உர மூட்டையில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அவிழ்த்துப் பார்த்தால் அடியில் துருப்பிடித்த இரும்பு ஒன்று கிடக்கும். புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்கள் என்பார்கள். புதுசு மாதிரி பண்ண மாட்டேன், பழசை ஒழுங்காகப் பண்ணித் தருவேன் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். குரோம் பூசிப் பளபளவென்று வேண்டுமானால் அடிலெய்டில் ஆள் இருக்கிறார்கள். பூச்சுக்கு அடியில் விரிசல் இருந்தால் அவர்கள் கவலைப்பட மாட்டார்கள், நான் படுவேன்.

என் பெயர் ரோண்டா. ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். பட்டறையை மூடியபின் ஜேம்ஸ்டவுனுக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளான பழைய கேரவன்களின் கப்ளிங்கை மட்டும் சரிசெய்து தருகிறேன். கேரவனின் மற்ற பாகங்களைத் தொட மாட்டேன். திரைச்சீலை தைக்கவும் ஒட்டுப்பலகைக்கு வார்னிஷ் அடிக்கவும் எங்கள் பழைய கேரவன் சங்கத்தில் நூறு பேர் இருக்கிறார்கள். காரின் வாலில் ஓர் இரும்புப் பந்து, கேரவனின் மூக்கில் அந்தப் பந்தின்மேல் கவிழ்ந்து உட்காரும் ஒரு கோப்பை. கப்ளிங் என்றால் அவ்வளவுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் வீடு, மெத்தை, பாத்திரம் எல்லாம் அந்த உள்ளங்கை அகல இரும்பில்தான் தொங்கிக்கொண்டு போகிறது.

போன மார்ச்சில் லியான் வந்தாள். ஆல்பி நோஸ்கேயின் மகள், பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பத்து மூன்று வயது. உர மூட்டையெல்லாம் இல்லை. பட்டாளத்துத் தோட்டாப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் பட்டறை மேசைக்கு அடியில், பழைய சாக்குகளுக்குப் பின்னால் இருந்ததாம். உள்ளே கைச்சக்கரம் வைத்த கப்ளிங் ஒன்று, பழைய செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிய கனமான பொட்டலம் ஒன்று. நூல் முடிச்சு இறுகிப் போயிருந்ததால் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆல்பியை எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. 1957-இல் தன் கையாலேயே ஒரு கேரவன் கட்டியவர். லியான் வருவதற்கு எட்டு மாதத்துக்கு முன் எண்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் விருப்பப்படியே சாம்பலை வளைகுடாவில் கரைத்தார்கள். சங்கத்தில் அவருக்குப் 'பந்து ஆல்பி' என்று பட்டப்பெயர். சங்கத்தார் கேரவன்களோடு கூடும் எந்த முகாமுக்குப் போனாலும் சட்டைப் பையில் ஓர் அளவு வளையத்தை வைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு காரின் பின்னாலும் குனிந்து பந்தை அளந்து பார்ப்பார். தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஒரு பொம்பளைக்கு இந்த வேலை வருமா என்று சங்கத்தில் நாலு பேர் முனகியபோது, முதலாவதாகத் தன் வண்டியின் கப்ளிங்கைக் கழற்றி என் மேசையில் வைத்தவரும் அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் முகாமில் அப்பாவின் கேரவனை அவர் நினைவாக முதல் வரிசையில் நிறுத்தப் போகிறார்கள் என்றாள் லியான். கேரவனில் இப்போது இருப்பது, பிற்பாடு அப்பா வண்டியைப் பழுதுபார்த்தபோது மாட்டிய கப்ளிங். முதலில் இருந்தது இதுதான். இதையே திரும்ப மாட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"இது... அந்த கப்ளிங்தான் ரோண்டா. கெல்வின் போன அன்னிக்கு இருந்தது. உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடுங்க."

கெல்வின் கதை ஊருக்கே தெரியும். 1969 ஜனவரி, சனிக்கிழமை. ஆல்பியும் மனைவி நோலாவும் ஆறு வயது மகன் கெல்வினும் கடற்கரைக்கு நண்டு பிடிக்கக் கிளம்பினார்கள். பையனுக்கு வயிற்றுவலி. பின்னால் கேரவனுக்குள் படுக்க வைத்தார்கள். இன்றைக்கு அது சட்டப்படி குற்றம். அன்று எல்லோரும் செய்ததுதான். ரயில் தண்டவாள மேட்டைத் தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது கேரவன் கழன்றது. பெயருக்குக் கட்டியிருந்த சங்கிலியும் அறுந்து, வண்டி பின்னோக்கி உருண்டு, மதகில் பக்கவாட்டாக மோதியது. கேரவனுக்கு ஒரு பக்கம்தான் நசுங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில்தான் படுக்கை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, இன்றும் மாறவில்லை. ஆண் காரைப் பின்னால் எடுப்பான். பெண் கேரவன் மூக்கில் நின்று இடது வலது என்று கத்தி, கோப்பையைப் பந்தின்மேல் இறக்கி, கைச்சக்கரத்தை முறுக்கிப் பிடியை இறுக்கி, அது கழலாதபடி குறுக்கே ஓர் இரும்புப் பின்னைச் செருகுவாள். அந்த ஐந்து நிமிஷத்தில் பிழைத்த கல்யாணம் எதிலும் பிழைக்கும் என்று கேலி செய்வோம். அன்று காலை சக்கரத்தை முறுக்கியது நோலா. போலீஸ் சார்ஜென்ட் வந்து பார்த்தபோது சக்கரம் ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. விசாரணையில் அப்படியே எழுதினார்கள். ஆல்பி எழுந்து, சக்கரத்தை முறுக்கியது என் மனைவிதான், ஆனால் நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன் என்றாராம். அந்த ஒரு பேச்சுக்காக ஊர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று சர்ச் கூடத்தில் நோலாவின் காதுபடவே பெண்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நோலா தலையை ஆட்டிக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள்.

சங்கடம் ஒன்றுமில்லை, விட்டுவிட்டுப் போ என்றேன். இரும்பு எனக்கு இரும்புதான் என்று நினைத்தேன்.

துருவை நான் சுரண்டி எடுப்பதில்லை. மணலடிப்பதும் இல்லை, அது துருவோடு அடையாளங்களையும் தின்றுவிடும். மாட்டுத் தீவனக் கடையில் வெல்லப்பாகு வாங்கி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, நீலப் பீப்பாயில் ஊற்றி, இரும்பை அதில் தொங்கவிட்டு மூடிவிடுவேன். இரண்டு வாரம். நுரைத்துப் புளித்து நாறும். பக்கத்து வீட்டுக்காரர் இதற்காக இரண்டு முறை நகராட்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பாகு துருவை மட்டும்தான் தின்னும், நல்ல இரும்பில் ஒரு மயிரிழை தொடாது. 1969-இல் விழுந்த கீறல் 1969-இல் விழுந்தபடியே வெளியே வரும்.

பன்னிரண்டாம் நாள் எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். கோப்பையின் தலையில் அச்சு தெளிந்தது: இரண்டு அங்குலம். உள்ளே பந்தைக் கவ்வும் நாக்கு கொஞ்சம் வளைந்திருந்தது. கோப்பையின் முன் உதட்டில், உட்பக்கமாக, பிறை வடிவில் ஆழமாக ஒரு சிராய்ப்பு. நாக்கு தளர்ந்திருந்தால் பந்து சும்மா நழுவிப் போயிருக்கும், இப்படிச் சிராய்க்காது. இறுகப் பிடித்த பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால்தான் இரும்பு இரும்பை இப்படி உழும்.

பிறகு கைச்சக்கரத்தின் தண்டைத் துடைத்தேன். தண்டின் குறுக்கே ஒரு துளை உண்டு. சக்கரத்தைக் கடைசிச் சுற்றுவரை முறுக்கினால்தான் அந்தத் துளை மேல்மூடியின் துளைக்கு நேராக வரும். அப்போதுதான் பின் உள்ளே போகும். அரைச்சுற்று குறைந்தாலும் பின் போகாது. அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் துடைத்த துளை வெறுமையாக இல்லை. பின்னின் நடுத்துண்டு உள்ளேயே இருந்தது. இரண்டு முனையும் கத்தரித்தாற்போல வெட்டுப்பட்டிருந்தன. பின் வெட்டுப்பட்ட பிறகுதான் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக் கழன்றிருக்கிறது. அந்தத் தளர்ந்த சக்கரத்தைத்தான் சார்ஜென்ட் பார்த்திருக்கிறார். துருவும் கிரீஸும் அடைத்த துளையை அவர் ஏன் பார்க்கப் போகிறார்.

நோலா முறுக்கியிருக்கிறாள். கடைசிச் சுற்றுவரை முறுக்கி, பின்னையும் போட்டிருக்கிறாள்.

அப்புறம்தான் பொட்டலம் நினைவுக்கு வந்தது. கத்தியால் நூலை அறுத்தேன். செய்தித்தாளின் தேதி 1969 ஜனவரி 11, சனிக்கிழமை. உள்ளே பந்து. கழுத்தில் அச்சு கண்ணுக்கே தெரிந்தது, இருந்தாலும் அளவுகோல் வைத்து மூன்று முறை அளந்தேன். ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், கோப்பையின் அளவுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறைச்சல். பந்தின் தோளில் ஒரு சிராய்ப்பு. கோப்பையின் உதட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த தவறு இது. பெரிய பந்தில் சின்னக் கோப்பை ஏறாது, அதனால் ஆபத்தில்லை. சின்னப் பந்தில் பெரிய கோப்பை ஜோராக உட்காரும். சக்கரம் முழுக்க முறுகும், பின் போகும், கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அரைக்கால் அங்குலம்தானே. சமதளத்தில் நூறு மைல்கூட ஓடும். ஒரு மேடு வந்து தூக்கிப் போட்டால் கழன்றுவிடும். பந்தை மாட்டுவது யார் வேலை என்று கேட்டால், அது எப்போதும் கார்க்காரர் வேலை.

முகாம்களில் ஆல்பி குனிந்து குனிந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. ஊரறிந்த கதைப்படி தவறு சக்கரத்தில். அப்படியானால் அவர் ஒவ்வொருவர் சக்கரத்தையும் அல்லவா முறுக்கிப் பார்த்திருக்க வேண்டும்? ஒரு நாளும் சக்கரத்தைத் தொட்டதில்லை. பந்தை மட்டுமே பார்த்தார். நாங்கள் இருநூறு பேர் அதைப் பார்த்துச் சிரித்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

லியானைக் கூப்பிட்டேன். பள்ளி விட்டதும் வந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆசிரியை அல்லவா, சொல்லச் சொல்லப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் எழுந்து நின்றாள்.

போலீஸ் அறிக்கையை அவள் படித்திருக்கிறாளாம். காரில் இருந்தது சரியான இரண்டு அங்குலப் பந்து என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதாம். சார்ஜென்ட் காரைப் பார்த்தது மறுநாள், அவர்கள் வீட்டு முற்றத்தில் என்பதை அவளே சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"அவர் பார்த்தது பிற்பாடு மாத்தி மாட்டின பந்து. அன்னிக்கு மாட்டியிருந்தது இந்தப் பந்து" என்றேன்.

"அப்பா அப்படிப்பட்டவர் இல்ல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பிறகு அவள் பேசியது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு எண்பத்தைந்து. கண் பாதி போய்விட்டது. அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகிறது, இப்போதுதான் சரியாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அவளிடம் மிஞ்சியிருப்பது அறுபது வருஷக் கல்யாணம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு என்ன கொடுக்கப் போகிறோம்? செத்தவர் வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாரா?

"அந்தப் பின் துண்டைத் தட்டி எடுத்துடுங்க. உதட்டுல இருக்கிற கீறலை அரத்தால ராவிடுங்க. பந்தை நான் கொண்டுபோய்க் கடல்ல போட்டுடறேன்."

"நான் ராவ மாட்டேன்."

"உங்க வறட்டுப் பிடிவாதத்துக்கு எங்க அம்மா உயிரை விடணுமா?"

"உங்கம்மா அம்பத்தஞ்சு வருஷமா விட்டுக்கிட்டுதான் இருக்காங்க. பெத்த புள்ளையத் தன் கையாலயே கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டே நாளைக்குச் செத்துப் போனா, அது உனக்குப் பரவாயில்லையா?"

இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. லியான் வெளியே போனாள். கப்ளிங்கையும் எடுத்துக்கொள்ளவில்லை, பந்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. கார் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காலா கிளிகள் எல்லாம் கத்திக்கொண்டு பறந்தன.

அடுத்த பதினாறு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நேராக நோலாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம். இருபது நிமிஷ ஓட்டம். இரண்டு முறை காரில் ஏறி உட்கார்ந்து இறங்கிவிட்டேன். மகள் வேண்டாம் என்று சொன்னபின் நான் யார்? இரும்பைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். எண்பத்தைந்து வயதுப் பெண்ணின் மனம் எவ்வளவு தாங்கும் என்று எனக்கு என்ன தெரியும். ஒரு நாள் மத்தியானம், வெட்கத்தோடு சொல்கிறேன், அரத்தைக் கையில் எடுத்தேன். அந்த உதட்டின்மேல் வைத்தும் விட்டேன். ஆல்பி எனக்காகச் சங்கத்தில் பேசிய பேச்சு, கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து தரும் ஆட்டுத்தொடை, எல்லாம் நினைவுக்கு வந்தன. நாலு இழுப்பு இழுத்தால் போதும், அவர் பழைய ஆல்பி ஆகிவிடுவார். அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். சரியா தவறா என்றெல்லாம் யோசித்து வைக்கவில்லை, கை வரவில்லை.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை காலை, லியானின் கார் வாசலில் நின்றது. முன்னிருக்கையில் நோலா. வெயில் தொப்பி, மடியில் கைப்பை. லியான் மட்டும் முதலில் இறங்கி என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அன்று காலை சக்கரத்தை முறுக்கியது ஞாபகம் இருக்கிறதா என்று. நோலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காற்றிலேயே சக்கரத்தை முறுக்கிக் காட்டினாளாம். எட்டுச் சுற்று. ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். அப்புறம் கட்டைவிரலால் பின்னை அழுத்துவது போல அழுத்திக் காட்டி, பின் உள்ளே போனது, விரலில் தெரிந்தது என்றாளாம். விசாரணையிலும் அதையேதான் சொன்னாளாம். யாரும் நம்பவில்லை. ஆல்பிதான், நீ களைத்திருந்தாய், நாம் விரும்புவதையே மனசு நடந்ததாகக் காட்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வாராம். வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவளுக்கே அது கனவுதான் என்று ஆகிவிட்டது.

"அதைக் கேட்டதுக்கு அப்புறம் என்னால சும்மா இருக்க முடியல" என்றாள் லியான். "நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொல்ல வரல."

நோலாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து மேசை முன்னால் உட்காரவைத்தோம். மூக்கைச் சுருக்கினாள்.

"இது என்ன நாத்தம் ரோண்டா? கேக்கைக் கருக்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கியா?"

பீப்பாய் நாற்றம் என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்ளிங்கைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன். எதன் கப்ளிங் என்று சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் சரியாகத் தெரியாது என்பதால் அவள் வலது கையைப் பிடித்துச் சக்கரத்தின்மேல் வைத்தேன். விரல்கள் தாமாகவே சக்கரத்தைப் பற்றிக்கொண்டன. பிறகு ஆள்காட்டி விரலைத் தண்டின் துளைக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் வழுக்கியது.

"என்ன தட்டுப்படுது?"

"அடைச்சுக்கிட்டிருக்கு. இரும்பு."

"அதுதான் நீங்க போட்ட பின். ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கு. நடுத்துண்டு உள்ளயே நின்னுடுச்சு. சக்கரம் முழுசா முறுகாம அது உள்ள போகவே போகாது நோலா."

விரலை அங்கேயே வைத்திருந்தாள். ரொம்ப நேரம். பின்னின் ஒரு முனையைத் தடவுவாள், மறுபக்கம் போய் அடுத்த முனையைத் தடவுவாள், மறுபடி இந்தப் பக்கம் வருவாள். லியான் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நான் பின்னைப் போட்டேன்" என்றாள் நோலா. கேள்வியாக இல்லை.

"போட்டீங்க."

"அப்படின்னா ஏன் கழண்டுச்சு?"

பந்தை எடுத்து அவள் இடது கையில் வைத்தேன். அளவைச் சொன்னேன், கோப்பையின் அளவைச் சொன்னேன், இரண்டிலும் உள்ள சிராய்ப்பை விரலால் தொட்டுப் பார்க்க வைத்தேன். எங்கே, எதில் சுற்றி இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆல்பியின் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாற்பது வருஷம் கேரவன் மூக்கில் நின்று கத்தியவளுக்கு இந்தக் கணக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்.

"இது படகை இழுக்க மாட்டுற பந்து" என்றாள். "அதுக்கு முந்தின வாரம் மீன் பிடிக்கப் படகை எடுத்துட்டுப் போனார். வந்து மாத்த மறந்துட்டார் போல."

மறதி யாருக்கும் வரும் என்றேன். அது உண்மைதான். அந்த மறதிக்காக மட்டும் என்றால் நானே ஆல்பிக்காக அழுதிருப்பேன்.

"மறந்தது சரி கண்ணு" என்றாள். பந்தை மேசையில் வைத்தாள். அது உருளப் பார்த்தது, கையால் பிடித்து நிறுத்தினாள். "விசாரணையில நான் எந்திரிச்சு, பின் போச்சு, எனக்குத் தெரியும்னு சொன்னேன். ஆல்பி பக்கத்துலதான் உக்காந்திருந்தார். என் கைமேல கைய வச்சு அழுத்தினார். ஆறுதலுக்குன்னு நெனச்சேன். அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

லியான் வந்து அம்மாவின் நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அப்பாவும் தினம் தினம் செத்துத்தான் இருப்பார் அம்மா, இல்லாவிட்டால் இதையெல்லாம் தூக்கி எறிந்திருக்க மாட்டாரா என்று என்னென்னவோ சொன்னாள். நோலா கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கலாம் என்றாள். அதைப் பற்றி இன்னொரு நாள் யோசிக்கிறேன், இன்றைக்கு முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மகளின் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு கேட்டாள்: "லியான், கெல்வின் எந்த வரிசையில இருக்கான்?"

லியானுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அப்புறம் அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கும் உறைத்தது. அடக்கம் நடந்த அன்று நோலா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்தாள். அதற்குப் பிறகு இந்த ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கல்லறைக்குப் போனதில்லை. ஒவ்வொரு ஜனவரியும் ஆல்பிதான் பூ எடுத்துக்கொண்டு போவார். லியானைக் கூட்டிக்கொண்டு போவார். அம்மா வரவில்லையா என்று யார் கேட்டாலும் அவளால் தாங்க முடியாது என்பார். கொன்றவள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். தன் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்பதே அவளுக்குத் தெரியாது.

"வேலியோரம்மா. மூணாவது வரிசை" என்றாள் லியான். "பெப்பர் மரத்துக்கு அடியில."

"நிழல் இருக்கா?"

"மத்தியானத்துக்கு மேல இருக்கும்."

"நல்லது. கூட்டிட்டுப் போ."

எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். வலது கை முழுக்கக் கறுத்த எண்ணெய். துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும் ரோண்டா. அவன் பாக்கட்டும்" என்றாள்.

கையைச் சட்டையில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். லியான் கார்க் கதவைத் திறந்து பிடித்தாள்.